வானிலைப் பேச்சு வீண் பேச்சா?

தம்மத்தை ஏற்று வாழ முற்பட்டவர், தம் செயலைக் காக்கும் அளவுக்குத் தம் சொல்லையும் காத்தல் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. பத்துத் தீவினைகளுள் உடலால் விளைவன மூன்று. மனத்தால் விளைவன மூன்று. வாயால் விளைவனவோ நான்கு. பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற சொல் என்னும் இந்நான்கனுள் முதல் மூன்றும் தீயவை என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நான்காவதே நம்மைத் திகைக்க வைப்பது. எது பயனுள்ள சொல்? எது பயனற்ற சொல்? அதனை அளக்கும் கோல் யாது?

காலையில் வாயிற்படியருகே இருவர் சந்திக்கின்றனர். "இன்றைக்குப் புழுக்கம் தாங்கவில்லை" என்கிறார் ஒருவர். "மாலையில் மழை வரும் போலிருக்கிறது, என் தொட்டிச் செடியெல்லாம் வாடிவிட்டது" என்கிறார் மற்றவர். இருவரும் தலையசைத்துப் பிரிகின்றனர். புழுக்கம் இருவர் உடலுக்கும் தெரியும். வானம் இருவர் கண்ணுக்கும் தெரியும். எவரும் எவருக்கும் அறியாத ஒன்றை அறிவிக்கவில்லை. அங்ஙனமாயின் இது நான்காம் வாய்க்குற்றத்தின் பாற்பட்டதா? சீலத்தை ஊன்றிக் கடைப்பிடிக்க விழையும் அன்பர் சிலர், இத்தகைய பேச்சை அறவே விட்டொழித்து வாய்மூடி நடப்பதே நன்றென எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலேயர் வழக்கம்

வானிலையையும் தோட்டத்தையும் பேசுவதற்குப் பெயர் பெற்றவர் ஆங்கிலேயர். அவர்கள் சந்தித்தவுடன் முதற்கண் பேசுவது வானிலையே என்பதை, அகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சன் 1758-ஆம் ஆண்டிலேயே தம் கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டி நகைத்தார். ஆயினும் அவ்வழக்கத்திற்குக் காரணம் உண்டு. அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில், துருவத்துக் குளிர்காற்றும் தென்திசை வெப்பக்காற்றும் மோதும் வழியில் அத்தீவு அமைந்துள்ளது. ஆதலின் காலையில் வெயிலும், நண்பகலில் மழையும், மாலையில் குளிர்காற்றுமாக ஒரே நாளில் வானம் பலமுறை முகம் மாறும். நாற்று நடலாமா, புல் வெட்டலாமா, துணி உலர்த்தலாமா என்பதை நாள்தோறும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருந்ததால், வேலிக்கு இருபுறமும் நின்று வானத்தைப் பற்றிப் பேசுவது அவர்களுக்கு இயல்பாயிற்று.

அப்பேச்சு வீட்டு வேலியோடு நின்றுவிடவுமில்லை. 1859-ஆம் ஆண்டு அக்டோபரில் 'இராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் வேல்ஸ் நாட்டுக் கரையருகே புயலில் உடைந்தது. 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தினால் உந்தப்பட்ட கடற்படைத் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், தந்திக் கம்பி வழியே பல துறைமுகங்களின் வானிலைச் செய்திகளைத் திரட்டிப் புயல் எச்சரிக்கை தரும் முறையை வகுத்தார். 1861-இல் நாளிதழில் முதன்முதலாக வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது. வானத்தைப் பற்றிய சொல், மாலுமியின் உயிரைக் காக்கும் சொல்லாயிற்று.

செய்தி ஏதும் இல்லாத பேச்சுக்கும் ஒரு பணி உண்டு என்பதை அறிஞர் பின்னர் எடுத்துரைத்தனர். மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலார் பசிபிக் தீவு மக்களோடு வாழ்ந்து அவர்தம் வழக்கங்களை ஆராய்ந்தவர். நலம் விசாரித்தல், வானிலை பற்றிச் சொல்லுதல் போன்ற உரைகள் கருத்தை அறிவிப்பதற்காக எழுவன அல்ல, மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே எழுவன என்று 1923-இல் அவர் எழுதினார். வாய்திறவா அந்நியன் எதிரில் நிற்கையில் உள்ளத்தில் ஓர் அச்சம் தோன்றுகிறது. ஒரு சொல் அவ்வச்சத்தை அகற்றுகிறது. அதுவே அதன் பயன்.

மயூர் விஹாரின் வானம்

இனி நம் மக்கள் வாழும் இடத்திற்கு வருவோம். தில்லியில் யமுனையின் கீழ்க்கரையில் உள்ள மயூர் விஹார், தமிழரும் மலையாளியரும் பிறரும் கலந்து வாழும் அடுக்குமாடிக் குடியிருப்பு. மயூரம் என்பது மயில். மழைமேகம் கண்டு ஆடும் பறவை. விஹாரம் என்பதோ பிக்குகள் உறையும் இடத்திற்கு நம் நூல்கள் வழங்கும் பெயர். தில்லியில் இன்று அது குடியிருப்புப் பகுதிகளுக்கெல்லாம் இடும் பொதுப்பெயராகிவிட்டது. ஆயினும் மழையையும் அறவோர் உறைவிடத்தையும் ஒருங்கே நினைவூட்டும் இப்பெயர் நம் பொருளுக்கு இயைவதே.

தில்லியின் வானம் இங்கிலாந்தின் வானம்போல் நாழிகைக்கு நாழிகை மாறுவதன்று. பருவத்திற்குப் பருவம் பேரளவில் மாறுவது. சனவரியில் எதிர்வீடு தெரியாத மூடுபனி. மார்ச்சில் கண்மூடித் திறப்பதற்குள் கழியும் இளவேனில். மே, ஜூனில் 'லூ' எனப்படும் அனற்காற்று. ஜூன் இறுதியில் பருவமழை. அக்டோபர் பிற்பகுதி முதல் புகைமண்டலம்; அப்போது வானிலைப் பேச்சோடு காற்றின் தரக் குறியீட்டெண்ணும் சேர்ந்துகொள்கிறது. தென்னாட்டில் ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். தில்லியில் அவையே வறண்ட திங்கள்கள். ஆகவே புதிதாக வந்த தமிழர்க்கு அங்கே வானமும் ஒரு புதிய பாடம்.

அப்பாடத்தைத் தொட்டிச் செடி கற்பிக்கிறது. மாடிமுகப்பில் கறிவேப்பிலைக் கன்று வளர்ப்பார், அது மார்கழிக் குளிரில் இலையுதிர்த்துக் குச்சியாய் நிற்பதைக் கண்டு பட்டுப்போயிற்றென்று வருந்துவர். அடுத்த வீட்டார், நீரைக் குறைத்துக் காத்திருக்குமாறும், வெயில் ஏறியதும் துளிர்க்கும் என்றும் கூறுவர். அவ்வாறே துளிர்க்கும். சாமந்தியும் செண்டுமல்லியும் எப்போது வைப்பது, வெயிலுக்கு எத்திசையில் மறைப்பது என்பன எல்லாம் இங்ஙனமே வாய்வழி வருவன. இப்பேச்சில் உண்மை உண்டு, உதவி உண்டு. இதனைப் பயனில் சொல் என்று தள்ளுவது எங்ஙனம் பொருந்தும்?

சுத்தங்கள் காட்டும் வழி

வீண் பேச்சைப் பகவர் கடிந்துரைத்தது உண்மையே. அரசர் கதை, கள்வர் கதை, போர்க் கதை, உணவு, உடை, மாலை பற்றிய கதை, தெருக்கதை, நீர்த்துறைக் கதை என ஒரு நெடும் பட்டியல் சுத்தங்களில் பலமுறை வருகிறது. இவை விடுதலை நெறியில் செலுத்தா என்பது அங்கே கூறப்படும் காரணம். அப்பட்டியல் முதன்மையாகப் பிக்குகளை நோக்கியது என்பதை மறத்தல் ஆகாது. அதில் வானிலை இடம் பெறவில்லை என்பதையும் குறித்துக்கொள்வோம். ஆனால் பட்டியலில் இல்லை என்ற ஒன்றையே பற்றிக்கொண்டு வாதிடுவது வழக்குரைஞர் வேலையாகும். பகவர் தாமே எங்ஙனம் பேசினார் என்று காண்பதே நேரிய முறை.

நெடுவழி நடந்து வந்த பிக்குவைக் கண்டதும் பகவர் முதலில் வினவுவது தத்துவமன்று. உடல் நலமா, பொறுக்கும்படி உள்ளதா, வழிநடையில் களைப்பு மிகவில்லையே, பிச்சை கிடைப்பதில் இடர் இல்லையே என்பனவே அவர் முதற்சொற்கள். அவரைக் காண வந்தோரும் இனிய நலவுரை பரிமாறிய பின்னரே ஒருபுறம் அமர்ந்தனர் என்று சுத்தங்கள் திரும்பத் திரும்பக் கூறும். தம்மவுரைக்கு முன் நலவுரை. மாளிகைக்கு முன் வாயில்.

மழையே பொருளாக நிகழ்ந்த உரையாடல் ஒன்றும் சுத்த நிபாதத்தில் உண்டு. மகீ ஆற்றங்கரையில் தனியன் என்னும் ஆயன், சோறு ஆக்கி, பால் கறந்து, கூரை வேய்ந்து, தீ மூட்டிவிட்டேன், இனி வானம் விரும்பினால் பெய்யட்டும் என மகிழ்கிறான். பகவரும் அதே மழையை வைத்து மறுமொழி பகர்கிறார்: தமக்குச் சினம் தணிந்தது, கூரை திறந்தே உள்ளது, தீ அவிந்தது, இனி வானம் விரும்பினால் பெய்யட்டும் என்பது அதன் கருத்து. ஆயன் கூறிய தீ அடுப்புத் தீ. பகவர் கூறியது ஆசைத் தீ. பெருமழை பெய்து பள்ளமும் மேடும் நிரம்பியபோது ஆயன் சரணம் புகுகின்றான். வானிலைப் பேச்சு வீணென்று பகவர் முகம் திருப்பியிருப்பின் அந்த ஆயன் தம்மத்தை அடைந்திருப்பானா?

பேசாமையே அறமா என்னும் வினாவிற்கும் விநய பிடகத்தில் விடை உண்டு. கோசல நாட்டில் மழைக்காலத்தை ஒன்றாகக் கழித்த பிக்குகள் சிலர், பூசல் வராதிருக்க மூன்று திங்களும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். அதனைப் பெருமையாகக் கருதிப் பகவரிடம் உரைத்தனர். அவரோ, விலங்குகள் கூடிக் கிடப்பதுபோல் இருந்தீர்கள் என்று கடிந்து, ஊமை நோன்பை விலக்கினார். ஒருவர் குறையை மற்றவர் அன்போடு எடுத்துரைக்க வேண்டும் என்று பவாரணை என்னும் முறையையும் வகுத்தார். பூசலுக்கு அஞ்சி வாய்மூடிக் கிடப்பது வேறு, சொல்லைக் காப்பது வேறு என்பது இதனால் தெளிவாகும்.

அந்த மழைக்கால உறைவும் வானத்தையும் பயிரையும் பற்றிய மக்கள் பேச்சினின்று பிறந்ததே. மழையில் பிக்குகள் நடந்து பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களை நசுக்குகின்றனர் என்று மக்கள் முணுமுணுத்தனர். பகவர் அதனைச் செவிமடுத்தார், வசாவாசம் தோன்றியது. உழவன் வாய்ச்சொல் சங்கத்தின் ஆண்டு முறையையே அமைத்தது எனலாம்.

குலம் கேளாத பேச்சு

நம்மனோர்க்கு இப்பொருள் வேறொரு வகையிலும் முதன்மையானது. பழைய ஊர் அமைப்பில் யார் யாரோடு பேசலாம், எத்தனை அடி தள்ளி நின்று பேசலாம், யார் முதலில் வாய்திறக்கலாம் என்பதெல்லாம் பிறப்பால் விதிக்கப்பட்டிருந்தது. சேரியில் பிறந்தவன் ஊர்த்தெருவாரிடம் தானாகச் சென்று, இன்று வெயில் கடுமை என்று சமமாக நின்று சொல்ல முடிந்ததா? அவன் வானத்தின் கீழ் அவரைவிட அதிகமாக உழைத்தான். வானத்தைப் பற்றிப் பேசும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை. ஏவலுக்கு மறுமொழி கூறுவதே அவனுக்கு விதித்த பேச்சு.

நகரத்திற்கு வந்த பின்னரும் அந்நோய் முற்றும் நீங்கவில்லை. தில்லியில் இரு தமிழர் சந்தித்தால் எழும் முதல் வினாக்கள் யாவை? எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்தார்? வீட்டில் எந்தச் சாமி கும்பிடுவீர்கள்? ஊரன்பு போன்று தோன்றும் இவ்வினாக்களின் அடியில் பெரும்பாலும் ஒரே வினா மறைந்து கிடக்கிறது. அதற்கு விடை கிடைக்கும்வரை கேட்பவர் உள்ளம் அமைவதில்லை; கிடைத்த பின்னரோ முகம் ஒன்று மலர்கிறது அல்லது சுருங்குகிறது. இத்தகைய வினாவை எதிர்கொண்டு உள்ளம் குன்றாதவர் நம்முள் எத்தனை பேர்?

வானிலைப் பேச்சோ குலம் கேளாத பேச்சு. மூடுபனி எல்லோர் மாடியையும் ஒன்றாக மூடுகிறது. அனற்காற்று ஆர்க்கும் பிறப்புச் சான்று கேட்பதில்லை. "உங்கள் கறிவேப்பிலை துளிர்த்துவிட்டதா?" என்று கேட்பவர் மனிதனை மனிதனாக மட்டுமே கண்டு கேட்கிறார். கிணற்றங்கரையில் ஆனந்தர் மாதங்கப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோது அவள் தன் குலத்தைச் சொல்லித் தயங்கினாள். தாம் கேட்டது குலத்தையன்று, நீரையே என்பது ஆனந்தரின் மறுமொழி. வேட்கை, நீர், வெயில் என்னும் எளிய பொருள்களே அங்கே சமத்துவத்தின் வாயிலாயின.

பாபாசாகேப் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில், நற்சமுதாயத்தில் மக்களிடையே தடையற்ற தொடர்புக்குப் பல வழிகள் திறந்திருத்தல் வேண்டும் என்றும், சகோதரத்துவம் என்பது அதுவே என்றும் விளக்கினார். அவ்வழிகளுள் மிகச் சிறியது இந்த வாயிற்படிப் பேச்சு. சிறியதாயினும் அடைக்கப்பட்டிருந்த வழி அது. திறக்கப்பட்டதை நாமே சீலத்தின் பெயரால் மீண்டும் அடைத்தல் அறிவுடைமை ஆகாது.

வானத்தைப் பழித்தலும் பிறப்பைப் பழித்தலும்

வானிலைப் பேச்சில் நாம் விழிப்பாயிருக்க வேண்டிய இடங்களும் உள. மழை பொய்த்தால் ஊரில் பாவம் மிகுந்தது என்பதும், பெருவெள்ளம் வந்தால் தெய்வக் குற்றம் என்பதும் இன்னும் கேட்கும் சொற்கள். 1934-ஆம் ஆண்டு பீகாரில் நிலநடுக்கம் நேர்ந்தபோது, அது தீண்டாமைப் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை என்றார் காந்தியடிகள். இயற்கை நிகழ்ச்சிக்கு இங்ஙனம் அறக்காரணம் கற்பிப்பதைத் தாகூர் மறுத்தார். தீண்டாமை கொடியதே, அதைக் கொடியது எனக் காட்ட நிலநடுக்கம் தேவையில்லை. பாவத்தால் இடர் வருமென்று ஒப்பினால், இடருற்றவரே பாவிகள் என்னும் பழைய வாதத்திற்கும் வாயில் திறந்துவிடுகிறோம்.

நம் நெறி இதில் ஐயத்திற்கிடமின்றிப் பேசுகிறது. மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன், நுகரும் இன்பதுன்பம் அனைத்தும் முன்வினைப் பயனே என்போரைப் பற்றி வினவினான். பகவர் பித்தம், சிலேத்துமம், வாதம், இவற்றின் கூட்டு, பருவ மாறுதல், தகாத ஒழுகலாறு, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். பருவ மாறுதல் அங்கே தனிக் காரணமாக நிற்கிறது. வினை எட்டனுள் ஒன்றே. ஆதலின் வெயிலில் வாடியவனைப் பார்த்து முன்வினை என்று சொல்லும் வாய், வீண் சொல் மட்டுமன்று, பொய்ச்சொல்லும் சொல்லுகிறது.

பேச்சு வீணாகும் இடம்

இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. மயூர் விஹாரின் மேற்கே, அணைக்கரைக்கு அப்பால், யமுனைப் படுகையில் சில்லா காதர் முதலிய இடங்களில் குடிசையிட்டுக் காய்கறி பயிரிடுவோர் உளர். நிலத்தின்மீது பத்திர உரிமையற்றோர் அவருட் பலர். ஆற்று நீரின் மாசு கருதி, 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் படுகையில் உணவுப் பயிரிடுதலைத் தடுத்தது. ஆயினும் பிழைப்புக்கு வேறு வழியின்றி அத்தொழில் தொடர்ந்தது. மாடியில் வளர்வது பொழுதுபோக்குத் தோட்டம். படுகையில் வளர்வது வயிற்றுத் தோட்டம்.

2023-ஆம் ஆண்டு ஜூலை இரண்டாம் வாரத்தில் தில்லியிலும் இமயமலைச் சாரலிலும் பெருமழை பெய்தது. தில்லியில் மழை தணிந்தது, வானம் வெளுத்தது. மாடியில் நின்றோர், நல்ல மழை, செடிக்கு நல்லது, இனி வெயில் காயும் என்று பேசியிருப்பர். ஆனால் மலையில் பெய்த நீர் ஹத்னிகுண்ட் தடுப்பணையைக் கடந்து வந்துகொண்டிருந்தது. ஜூலை 13-ஆம் நாள் பழைய இரயில் பாலத்தருகே யமுனை 208.66 மீட்டரைத் தொட்டது. அபாயக் குறி 205.33 மீட்டர், 1978-ஆம் ஆண்டு வெள்ளத்தின் உச்சம் 207.49 மீட்டர். படுகையின் குடிசைகளும் பயிர்களும் மூழ்கின. மக்கள் மயூர் விஹார் மேம்பாலத்தை அடுத்த சாலையோரக் கூடாரங்களில் குழந்தைகளோடும் கால்நடைகளோடும் தங்கினர்.

தன் தலைமேல் உள்ள வானத்தை மட்டும் கண்டு பேசியவர் வானிலையின் பாதியையே கண்டார். இது இருப்பதால் அது ஆகிறது என்னும் சார்புத் தோற்றத்தை நாம் ஓதுகிறோம். எங்கோ பெய்த மழை இங்கே எவன் அடுப்பை அணைக்கிறது என்று காணாத கண்ணுக்கு அவ்வோதல் வெறும் ஒலி. வெள்ளத்திற்கு மறுநாள் காய்கறி விலை ஏறிற்று என்று மட்டும் குறைகூறி, அதைப் பயிரிட்டவன் எங்கே உறங்கினான் என்று கேளாத பேச்சே உண்மையில் பயனில் சொல்.

ஐந்து அளவுகோல்

நற்சொல்லுக்குப் பகவர் ஐந்து இலக்கணம் வகுத்தார். காலமறிந்து சொல்லல், உண்மையைச் சொல்லல், மென்மையாகச் சொல்லல், நன்மை தருவதைச் சொல்லல், மைத்திரி நிறைந்த உள்ளத்தோடு சொல்லல் என்பன அவை. நம் பேச்சை இவற்றால் அளந்து பார்ப்போம். வேலைக்கு விரையும் ஒருவரை நிறுத்தி வெயிலைப் பற்றி விரித்துரைப்பது காலமறியாமை. கேட்ட வதந்தியைப் புயலாகப் பரப்புவது உண்மை பிறழ்தல். பிறர் செடி பட்டதைக் கண்டு நகைப்பது மென்மை இழத்தல். நன்மை என்பது செய்தியளவில் மட்டும் இல்லை. தனிமையில் வாடும் முதியவர் ஒருவர்க்குக் காலையில் கிடைக்கும் ஒரு சொல்லும் நன்மையே. இவை நான்கும் அமைந்தும் ஐந்தாவது இல்லையேல், சொல் சடங்காகிவிடும்.

பயனில் சொல்லை விலக்குமாறு குறளும் ஓர் அதிகாரம் வகுத்துக் கூறுகிறது. அந்நூலைத் திரிபிடகத்தோடு இணைத்துத் 'திரிக்குறள்' என்று வழங்கிய அயோத்திதாச பண்டிதர் நமக்கு உணர்த்திச் சென்றது, சொல்லின் மேற்றோலை விடுத்து உட்பொருளைக் காணும் பழக்கத்தையே. பயன் என்னும் சொல்லையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். ஒரு சொல் எவ்வளவு செய்தி தந்தது என்பது ஓர் அளவை. எவ்வளவு தொலைவைக் குறைத்தது என்பது மற்றோர் அளவை. இரண்டாவதே மைத்திரியின் அளவை.

ஆகவே, அன்பர்களே, வானிலையைப் பேசுதல் குற்றமன்று; அடுத்த மாடியோடு மட்டும் பேசி நிறுத்திவிடுதலே குறை. நாளைக் காலை அடுத்த வீட்டாரிடம் செடியைப் பற்றி இரண்டு சொல் பேசுங்கள். பின்னர்ப் படியிறங்கிச் செல்லும்போது, தள்ளுவண்டியில் கீரை விற்பவரிடமும், தெருவைப் பெருக்குபவரிடமும், வாயிற்காவலரிடமும் அதே குரலில், அதே மரியாதைச் சொல்லால், நேற்றைய மழையில் உங்கள் கூரை ஒழுகிற்றா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு மறுமொழிக்காக நின்று செவிகொடுங்கள். ஒழுகிற்று என்று அவர் சொன்னால், அங்கே உங்கள் பேச்சு முடிந்து உங்கள் கடமை தொடங்குகிறது.